நீலச் சொட்டும் ஆறாத புண்ணும்

வேலூரில் டாக்டரான என்னிடம் செவ்வாய்க்கிழமை வந்தவர், செம்பை மருந்தென்று நம்பி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களில் இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். அதனால்தான் தூக்கத்தை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு 56 வயது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, நாள் முழுக்க நின்றபடி. சர்க்கரை வந்து பதினோரு வருடம். வலது காலில் வீட்டிலேயே போட்ட கட்டு. பிரித்துக்கொண்டே போனால் கடைசிச் சுற்றுத் துணி நீலமும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. சில கிருமிகள் சீழைப் பச்சையாக்கும். அதுதானோ என்று முகர்ந்து பார்த்தேன். அந்த வாடை இல்லை. கூட வந்த மகள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். முகத்துக்குப் பூசும் காப்பர் பெப்டைட் சீரம், செம்பு சேர்த்த நீலத் திரவம். ஆறு வாரமாகக் காலையும் இரவும் நாலு சொட்டு, புண்ணுக்குள்.

“புண்ணை ஆத்தும்னு படிச்சேன் மேம். ரிசர்ச் எல்லாம் இருக்கு.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. ரிசர்ச் இருக்கிறது. 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் மனித ரத்த பிளாஸ்மாவிலிருந்து கண்டெடுத்த சின்ன மூலக்கூறு இது. புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிக்குத்தான் பெப்டைட் என்று பெயர். இதில் கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே அமினோ அமிலங்கள், சுருக்கமாக ஜி.எச்.கே. செம்பு கிடைத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் நீலமாகும். இருபது வயதில் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் இருப்பது அறுபதில் 80க்கு இறங்கிவிடுகிறது என்று பின்னாளில் அவரே எழுதினார். 1988இல் பிரான்சில் ஒரு குழு, ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களில் இதை மிக நுண்ணிய அளவில் விட்டபோது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் உற்பத்தி கூடுவதைக் காட்டியது. 1994இல் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் இதையே ஜெல்லாகப் போட்டு நல்ல பலன் கண்டதாக ஓர் ஆய்வும் வந்தது.

அந்த 1994 ஆய்வைப் பகிர்கிறவர்கள் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். அதில் சேர்ந்தவர்களுக்கு முதலில் புண்ணின் செத்த சதையைக் கத்தியால் சீவி எடுத்தார்கள், தினமும் முறையாகக் கட்டு மாற்றினார்கள், காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல்தான் ஜெல். அதன்பிறகு முப்பது வருடம் ஓடியும் சர்க்கரைப் புண்ணுக்கான வழக்கமான மருந்தாக அது எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. மூலக்கூறு ஒன்றானாலும் அந்த ஜெல் வேறு, முகத்துக்கென்று வாசனையும் பதப்படுத்தியும் சேர்த்து விற்கிற சீரம் வேறு.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே வந்தார். “இன்னா டாக்டரம்மா, இதுவும் செம்புதானே? வூட்ல செம்புக் குடத்துலதான் தண்ணி குடிக்கிறோம்.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காத வாரம் இல்லை. செம்பு நல்லது, ஆகவே செம்பு எந்த உருவில் வந்தாலும் நல்லது என்ற இந்த எண்ணத்தால்தான் மாதத்தின் முதல் நோயாளியும் என்னிடம் வந்தார். வாலாஜாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கணுக்கால் புண்ணுக்குச் செம்பு நல்லது என்று மருமகன் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். சீரம் வாங்கக் காசு இல்லை. கொல்லையில், பயிருக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கி வைத்த மயில்துத்தம் இருந்தது. அதுவும் நீலம்தானே என்று தண்ணீரில் கரைத்துப் புண்ணைக் கழுவியிருக்கிறார்கள், ஐந்து நாள். புண்ணைச் சுற்றித் தோல் வெந்து உரிந்திருந்தது.

தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். செம்பு அதில் தளர்வாக இருக்கிறது, தண்ணீர் பட்டதும் கழன்றுவிடும். ஈரச் சதையில் பட்டால் அரிக்கும். திறந்த புண் வழியாகவோ வாய் வழியாகவோ அதிகமாக உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயலுக்கு வைத்திருந்த மயில்துத்தத்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களைப் பயிற்சிக் காலத்தில் வார்டில் பார்த்திருக்கிறேன். நீலப் பச்சையாக வாந்தி எடுப்பார்கள், இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கறுத்துப்போகும். பெப்டைடில் இருப்பதும் செம்புதான். ஆனால் அங்கே மூன்று அமினோ அமிலங்கள் அதைக் கையைப் பிடித்து வைத்திருக்கின்றன. அளவும் மிகக் குறைவு. செம்புக் குடத்துத் தண்ணீரில் ஊறுவது இன்னொரு கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கழுவித் தேய்த்த குடத்தில் ராத்திரி ஊற்றி வைத்த நல்ல தண்ணீரால் கெடுதல் இல்லை. ஆனால் அதே குடத்தில் மோரையோ புளிக்கரைசலையோ வைத்தால் புளிப்பு செம்பைக் கரைத்து எடுத்துவிடும்! நம் பாட்டிகள் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க விட்டிருப்பார்களா? களிம்பேறிவிடும் என்று பிடுங்கிக் கவிழ்த்துவிடுவார்கள். எதோடு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு, எங்கே படுகிறது என்ற மூன்றையும் அவர்கள் பார்த்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். குரோமியம் என்ற உலோகத்தின் ஒரு வடிவமான குரோமியம் மூன்றை வைத்துத்தான் இங்கே பெரும்பாலும் தோல் பதனிடுகிறார்கள். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ரசாயன ஆலைக்குள் மலையாகக் குவிந்திருக்கும் கழிவில் இருப்பது இன்னொரு வடிவமான குரோமியம் ஆறு, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பெயர் ஒன்றுதான். இரண்டும் ஒன்று என்று ஆலையைச் சுற்றி இருக்கிற யாராவது சொல்வார்களா?

சரி, அந்த ஆம்பூர்க்காரரின் புண்ணுக்கு வருகிறேன். கட்டைவிரலுக்குப் பின்னால் பாதம் தரையில் ஊன்றும் இடம். சுற்றிலும் வெள்ளையாகத் தடித்த தோல், அதாவது கால் ஆணி, நடுவே குழி. மழுங்கிய கம்பியை உள்ளே விட்டேன், எலும்பில் டொக்கென்று இடித்தது. அவர் மகளிடம் பஸ் நேரம் பேசிக்கொண்டிருந்தார். வலிக்கவே இல்லை. உணர்ச்சி பார்க்கும் நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டதில் இரண்டு இடம்தான் தெரிந்தது. அப்புறம் வாசலில் விட்டிருந்த செருப்பைக் கொண்டுவரச் சொன்னேன். கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே கையை விட்டேன். புண்ணுக்கு நேராக ஒரு ஷூ ஆணியின் முனை, அரிசி நீளம்கூட இருக்காது. ஆறு வாரம் மேலே சொட்டு விட்டிருக்கிறார்கள், கீழே ஆணி குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

வேலூரில் இருந்துகொண்டு இதை நாம் மறக்கக் கூடாது. 1946இல் இங்கே வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். சதை கெட்டுப்போனதுதான் காரணம் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். வலி தெரியாததால் அவர்கள் அந்தக் காலை ஊன்றியே நடக்கிறார்கள், அதனால்தான் ஆறவில்லை என்று அவர் காட்டினார். மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தை எடுத்ததும் அதே புண்கள் ஆறின. மருந்தை மாற்றவில்லை, பாரத்தை மாற்றினார். பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் இந்த ஊரிலும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு பரவியது அந்த அறிவால்தான். சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கும் உலகம் முழுக்க இன்று அந்தப் பாடம்தான் நடக்கிறது. அது பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் ஆன்லைனில் சொட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஆகவே காலில் உணர்ச்சி குறைந்தவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளேடால் கால் ஆணியைச் சீவாதீர்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள், 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு, அதுவும் தார் ஆறுவதற்கு முன்னால் மாலையிலேயே தொடங்காதீர்கள். ஒவ்வொரு கோடையிலும் பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு யாராவது வருகிறார்கள், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது என்கிறார்கள். இரண்டு வாரத்தில் சுருங்காத புண் என்றால் டாக்டரிடம் வாருங்கள். சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றே வாருங்கள். ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், எலும்பில் இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதில் எதையும் ஒரு சீரம் செய்யாது.

இனி ஊசி. மாதத்தின் இரண்டாவது நோயாளி காட்பாடியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பையன். சின்ன மருந்துக் குப்பியில் நீலப் பொடி, அதே காப்பர் பெப்டைட், கூரியரில் வந்தது. மேலே ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல’ என்று அச்சடித்திருந்தது. யூடியூப் பார்த்துத் தானே கரைத்து வயிற்றில் குத்திக்கொண்டிருக்கிறான், முடி கொட்டுவது நிற்குமாம். குத்திய இடத்தில் மூன்று கட்டி. ஊசிக்குப் பின் வரும் இப்படிப்பட்ட கட்டிகளில் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக்காரர்கள் சிலர் இருப்பதுண்டு. வந்தால் மாதக்கணக்கில் மாத்திரை. நம் உடம்பில் இருப்பதுதானே என்றான். உடம்பில் இருப்பது வேறு, எவனோ எங்கோ தயாரித்து, என்ன கசடு கலந்ததென்று தெரியாமல் குப்பியில் அடைத்தது வேறு. ஜி.எச்.கே. செம்பை ஊசியாகத் தயாரிப்பதில் பாதுகாப்புக் கவலை இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023இல் பட்டியலிட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதன்மேல் பாயக்கூடும், கசடுகளைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பவை அதற்குச் சொன்ன காரணங்கள். ஊசியாகப் போடாதீர்கள். பார்லரில் போட்டுவிடுகிறேன் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முகத்துக்கு? அதற்கு நான் எதிரி இல்லை. வெடிப்பில்லாத தோலில் பூசினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சுருக்கம் கொஞ்சம் குறைந்ததாகச் சின்ன ஆய்வுகள் உண்டு. 2006இல் முகத்தில் லேசர் செய்துகொண்டவர்களுக்குப் பூசிப் பார்த்தார்கள். சிவப்பு ஆறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, பூசியவர்களின் திருப்திதான் கூடியிருந்தது. வேலூர் வெயிலுக்கு முதலில் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். மிச்சக் காசு இருந்தால் இது. லேபிளில் காப்பர் ட்ரைபெப்டைட்-1 என்று இருக்கும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். வைட்டமின் சி சீரத்தோடும், மேல்தோலை உரிக்கும் ஆசிட் பீலோடும் ஒரே வேளையில் பூசாதீர்கள், ஒன்றை ஒன்று கெடுத்துவிடும். நீலம் மாறிப் பழுப்பானாலோ கலங்கினாலோ கொட்டிவிடுங்கள். குட்டி ஊசிகள் பதித்த டெர்மா ரோலரால் குத்திவிட்டு அதன்மேல் எந்த சீரத்தையும் விடாதீர்கள். தோலுக்கு அடியில் போக வேண்டியதாக அதை யாரும் தயாரிக்கவில்லை. வில்சன் நோய் உள்ளவர்கள், உடம்பில் செம்பு தேங்கும் நோய் அது, தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஆம்பூர்க்காரரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலும்பில் சீழ் இறங்கியிருந்ததால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பாதம் தப்பியது. நேற்று மகள் போன் செய்தாள். அப்பா நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார் என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, மீதி சீரம் பாதி பாட்டில் இருக்கிறது, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மேம், நான் முகத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

அந்த டிராப்பர் புண்ணைத் தொட்டிருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிடும்மா என்றேன். உனக்கு வேண்டுமானால் பிறகு புதிதாக வாங்கிக்கொள், முதலில் அப்பாவுக்கு அளவெடுத்து ஒரு செருப்பு வாங்கு.