ஹைவேயில் ஆடும் ஆர்பிஎம் முள்

"டவுனுக்குள்ள நல்லா ஓடுது சார், ஹைவே ஏறினா ஆர்பிஎம் முள் ஆடுது." என் ஷெட்டுக்கு அடிக்கடி வரும் புகார் இது. ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. வருகிறவர் பெரும்பாலும் அதற்குள் பிளக், ஏதோ ஒரு சென்சார் என்று மாற்றிவிட்டே வந்திருப்பார். முள் ஆடியபோது வண்டியின் வேகம் என்ன ஆனது என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்.

மேனுவல் வண்டியில் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினும் சக்கரமும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 2,000 ஆர்பிஎம் காட்டும் வண்டி, அந்த கியரில் அந்த வேகத்துக்கு எப்போதும் 2,000தான் காட்ட வேண்டும். வேகம் கூடாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். கருகல் வாடையும் வரும். இதற்கு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் எல்லாம் தேவையே இல்லை.

முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது, வண்டியில் ஒரு அதிர்வும் இல்லை என்றால் மீட்டரையோ வயரிங்கையோ பாருங்கள். அதே நொடியில் வண்டியும் வெட்டினால், இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் போகும். சூட்டில் விட்டுப்போய், ஆறினதும் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும் சாமான் அது.

வேகமும் முள்ளும் சேர்ந்தே இறங்கி ஏறினால் இன்ஜினுக்குத்தான் ஏதோ கிடைக்கவில்லை. பெரும்பாலும் எரிபொருள். ஐடிலில், அதாவது நின்றபடி சும்மா ஓடும்போது, இன்ஜின் கொஞ்சமாகத்தான் குடிக்கும். பாதி அடைத்த ஃபில்டரும் களைத்துப்போன பம்பும் அதற்குப் போதும். 100 வேகத்தில் ஏற்றம் ஏறும்போதுதான் வறட்சி தெரியும். ஷெட்டில் நிறுத்தி ரேஸ் பண்ணிப் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவிடுவது இதனால்தான். டீசல் வண்டியில் ஃபில்டரில் தங்கிய தண்ணீரை வடித்துப் பாருங்கள். ஹோஸ் வழியாக ஏர் இழுக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் வண்டியை எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். இன்னொரு எளிய சோதனை உண்டு. கோளாறு வந்ததும் ஓரம் கட்டி, டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன்பிறகு வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடினால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கலாம்.

பெட்ரோல் வண்டிக்கு ஸ்கேனர் போட்டால் கோளாறு கோடோடு (code) நிறுத்தாமல், கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபியூல் ட்ரிம்மையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலில் பிளஸ்ஸில் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுத்ததும் குறைந்தால் எங்கோ வேக்குவம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் சரியாக இருந்து லோடில் ஏறினால் பம்ப், ஃபில்டர், இல்லாவிட்டால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. செக் இன்ஜின் விளக்கு சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போகும், அதன் விலை உங்களுக்கே தெரியும்.

ஆட்டோமேட்டிக் கதை வேறு. கியர் படிகளே இல்லாத சிவிடியில் வேகத்துக்கு முன்னால் முள் ஓடுவது அதன் சுபாவம். ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் சீரான வேகத்தில் 200, 300 ஆர்பிஎம் ஏறி இறங்கி, லேசான உதறலும் இருந்தால், முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள்.

ஓடும்போது இழுவை விட்டுப்போனால் ஹசார்ட் போட்டு இடது ஓரம் வாருங்கள். சாவியை உடனே அணைக்காதீர்கள். இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கும் சில மிதிகளில் இறுகிவிடும், அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

அப்புறம், மெக்கானிக்கிடம் "முள் ஆடுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த கியர், என்ன வேகம், ஏற்றமா சமதளமா, ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு இருந்தது என்று சொல்லுங்கள். முடிந்தால் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அவரையும் ஹைவேக்கு அழைத்துப் போங்கள்.