டெட் லெட்டர் கியூ: செத்ததா, முடங்கியதா?

"அந்த மெசேஜ் டெட் லெட்டர்ல கெடக்குதுங்க, எடுத்துப் பார்க்கறேன்."

வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒருநாள் நான் போனில் இப்படிச் சொல்ல, அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "யாருடா செத்தது?"

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடி அறையில், ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருளோடு பேச வைக்கும் இன்டக்ரேஷன் வேலை எனக்கு. டெட் லெட்டர் கியூ என்ற சொல் அன்றாடம் வாயில் புழங்குவதால் அதில் ஒரு சாவு இருப்பதே மறந்துபோயிருந்தது.

சொல் தபால்காரர்களுடையது. விலாசம் தவறி, பெறுபவரும் கிடைக்காமல், அனுப்பியவரும் தெரியாமல் நின்றுபோன கடிதத்தை ஆங்கிலத்தில் டெட் லெட்டர் என்றார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்து வழி தேடவே லண்டனில் 1784-இல் டெட் லெட்டர் ஆபீஸ் என்று தனி அலுவலகம் வந்தது. நம் அஞ்சல் துறையில் அதே வேலையைச் செய்யும் இடத்துக்கு ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ் என்று பெயர். திரும்பிய கடிதம், சாவு இல்லை. நல்ல மாற்றம். (நடைமுறைக்கு வராத சட்டத்தையும் ஆங்கிலத்தில் டெட் லெட்டர் என்பார்கள். அதற்கு நம்மிடம் ஏட்டுச் சுரைக்காய் இருக்கிறது.)

கணினியில் பொருள் இதுதான். ஒரு மென்பொருள் செய்தியை வரிசையில் போடும், இன்னொன்று எடுக்கும். எடுத்த இடத்தில் பிழை வந்தால் செய்தி வரிசைக்கே திரும்பும். மறுபடி எடுக்கும், மறுபடி பிழை. இப்படியே விட்டால் ஒரு கெட்ட செய்தி பின்னால் நிற்பவற்றையும் மறித்துக்கொள்ளும். அதனால் இத்தனை முறைக்கு மேல் வேண்டாம் என்று ஒரு எண் வைத்து, தாண்டியதை ஓரமாக வேறு வரிசைக்குத் தள்ளுகிறோம். மைக்ரோசாப்டின் வரிசைச் சேவையான அஸூர் சர்வீஸ் பஸ்ஸில் நாம் எதுவும் மாற்றாவிட்டால் அந்த எண் 10.

ஓரம் தள்ளுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்து நான் பட்டது ஏற்காட்டில். அப்போது இருந்த கம்பெனியில், மலைமேல் ஒரு காபி எஸ்டேட்டின் எடைக் கணக்கைக் கீழே சேலத்தில் இருக்கும் சம்பளக் கணக்கோடு இணைத்திருந்தோம். பறிப்பு சீசன். சாயங்காலம் ஆளாளுக்குப் பழத்தை நிறுத்து, ரைட்டர், அதாவது எஸ்டேட் கணக்கு எழுதுபவர், போனில் எடையைத் தட்டுவார். ஒரு திங்கட்கிழமை புது ரைட்டர் வந்தார். நோட்டில் எழுதிப் பழகியவர், 48.5 என்று அடிக்காமல் 48½ என்று அடித்தார். அவர் போன் கீபோர்டில் அந்த அரைக் குறி இருந்தது, அடித்தார், அவ்வளவுதான். கீழே இருந்த நிரலுக்கு ½ எண்ணாகத் தெரியவில்லை. அரை கிலோ வந்த எடையெல்லாம் ஐந்து முறை முட்டிவிட்டு ஓரத்துக்குப் போய்விட்டது. முழு எடைகள் ஒழுங்காக இறங்கியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை சம்பளம். "ஏங்க, எனக்கு மூணு நாள் எடையே காணோமே" என்று ஓர் அம்மா கேட்டதும் தகவல் கீழே வந்தது. ராத்திரி டெட் லெட்டர் கியூவைத் திறந்தால் புதன் முதல்தான் இருக்கிறது. திங்களும் செவ்வாயும் இல்லை.

காரணம் பிற்பாடு புரிந்தது. நாங்கள் வைத்திருந்தது அமேசானின் வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ். அதில் நாமாக மாற்றாவிட்டால் செய்தி 4 நாள் தங்கும். அதிகபட்சம் 14 நாள். சாதாரண வரிசையிலிருந்து செய்தி டெட் லெட்டருக்குப் போகும்போது அதன் வயது புதிதாகத் தொடங்காது, முதலில் வந்த நேரத்திலிருந்தே ஓடும். இரண்டுக்கும் நாங்கள் 4 நாளே விட்டிருந்தோம். அன்றிலிருந்து ஓர வரிசைக்கு எப்போதும் 14 நாள் வைக்கிறேன். திங்கள், செவ்வாய்க் கணக்கை ரைட்டரின் நோட்டுதான் காப்பாற்றியது.

அதோடு நிற்கவில்லை. மிச்சம் இருந்தவற்றை மறுபடி அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஓடியதா இல்லையா என்ற பதற்றத்தில் இரண்டு முறை ஓட்டிவிட்டேன். ஒருவருக்குப் புதன்கிழமை எடை இரட்டிப்பாக ஏறியது. ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்து, வாங்கும் பக்கம் "இந்த எண் ஏற்கெனவே வந்ததா" என்று பார்த்திருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றுதான் ஏறியிருக்கும். மறுபடி அனுப்பும் வசதியை எழுதுவதற்கு முன் இதை எழுத வேண்டும்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன்: எத்தனை கிடக்கிறது என்பதைவிட, மிகப் பழையது எத்தனை நேரமாகக் கிடக்கிறது என்பதற்கு அலாரம் வைப்பது மேல். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் "அது எப்பவும் கெடக்கறதுதான்" என்று கண் பழகிவிடும்.

இப்போது தமிழ்ச் சொல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "செத்த கடித வரிசை". இது ஆகாது. எங்கள் பக்கம் சாவுச் செய்தி தபால் கார்டில் வந்தால் மூலையில் கறுப்பு தடவியிருக்கும். படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். டெட் லெட்டர் கியூவில் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர்: கிழிக்கக் கூடாது, வைத்திருந்து காரணம் பார்த்துத் திரும்ப அனுப்ப வேண்டும்.

எனக்குப் பிடித்த சொல் முடங்கல். பழந்தமிழில் முடங்கல் என்றால் கடிதம். ஓலையை மடக்கிச் சுருட்டியதால் வந்த பெயர். சிலப்பதிகாரத்தில் மாதவி கௌசிகனிடம் கொடுத்தனுப்புவது "மண்ணுடை முடங்கல்", அதாவது மண் இலச்சினை வைத்து மூடிய ஓலை. அதற்கு முன் வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய மடலைக் கோவலன் வாங்கவே மறுத்துவிட்டான், இரண்டாவதுதான் சேர்ந்தது. மறு அனுப்புக்கு இதைவிடப் பழைய சான்று என்னிடம் இல்லை. இன்றைய பேச்சிலோ முடங்குதல் என்றால் நகராமல் நிற்பது. கடிதமும் தேக்கமும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது விடுவானேன்? ஆகவே முடங்கல் வரிசை.

அதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. கிரெகர் ஹோப், பாபி உல்ஃப் இருவரும் 2003-இல் எழுதிய இன்டக்ரேஷன் நூல் இவற்றைத் தனித்தனியாகவே பிரிக்கிறது: போய்ச் சேரவே முடியாத செய்தி ஒன்று, சேர்ந்தும் பெறுபவருக்குப் பொருள்படாத செய்தி இன்னொன்று. நான் முன்னதைச் சேராச் செய்தி என்றும் பின்னதைச் செல்லாச் செய்தி என்றும் எழுதுகிறேன், செல்லாத நோட்டு போல. அரைக் குறி போட்ட எடை செல்லாச் செய்தி. இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டினால், நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுவதா நிரல் எழுதியவரைக் கூப்பிடுவதா என்றே பாதி நேரம் போகும்.

எங்கள் திரையில் இப்போது தமிழில்தான் பெயர் வைத்திருக்கிறோம். இன்று காலை "முடங்கல்: 3" என்று காட்டியது. ஐபிஎம்மின் வரிசை மென்பொருளான எம்க்யூ வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவருடையவை. செய்தியின் தலைப்பகுதியில் காரண எண் 2085, அப்படி ஒரு வரிசையே இல்லை என்று பொருள். சேராச் செய்தி. நேற்று ராத்திரி அங்கே யாரோ வரிசையின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.