டிபெண்டென்சி: சார்புநிலையும் சார்புத் தொகுப்பும்

மென்பொருளாளர் பேச்சில் ‘டிபெண்டென்சி’ இரண்டு பொருளில் வழங்குகிறது. ஒரு நிரல் இயங்குவதற்கு இன்னொன்றை நம்பியிருக்கும் உறவையும் அச்சொல் குறிக்கும். அவ்வாறு நம்பப்படும் நிரலகத்தையும், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுதியையும் (லைப்ரரி), குறிக்கும். மேசைக்கணினிச் செயலி ஒன்றின் நிறுவற்கோப்பைச் சிறிதாக்க முனைபவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், எதைக் குறைத்தோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

இலத்தீனில் ‘டே’ என்பது கீழ்நோக்கி என்றும் ‘பெண்டேரே’ என்பது தொங்குதல் என்றும் பொருள்படும்; ஒன்றிலிருந்து தொங்குவது என்பதே இச்சொல்லின் வேர்ப்பொருள். தமிழில் இதற்கு ஒத்த வினை ‘சார்’. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்று சொல்லும்போதே, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் ‘சார்ந்துவரல் மரபின்’ என்று விலக்கித் தனியே வைக்கிறது. தனித்து இயங்காமல் பிற எழுத்துகளைச் சார்ந்தே வரும் அவற்றுக்குச் சார்பெழுத்து என்ற பெயர் நிலைத்தது. நிரல்களுக்கிடையே உள்ள உறவும் இத்தகையதே என்பதால், ‘சார்’ என்னும் வேரை விட்டு வேறொன்றைத் தேடத் தேவையில்லை.

ஆயினும் வெறும் ‘சார்பு’ போதாது. பள்ளிக் கணிதத்தில் அச்சொல் ‘ஃபங்ஷன்’ என்பதற்கு உரியதாகிவிட்டது. நிரலாக்கம் பற்றிய கட்டுரையில் அது நிச்சயம் மயக்கம் தரும். ஆகவே உறவைச் ‘சார்புநிலை’ என்றும், உடன் கொண்டுவரப்படும் நிரலகத்தைச் ‘சார்புத் தொகுப்பு’ என்றும் வழங்குவதே தகும் என்பது என் துணிபு.

இந்தப் பிரிவினையின் பயனை, வலைத்தள நுட்பங்களைக் கொண்டு மேசைக்கணினிச் செயலிகளை உருவாக்க உதவும் எலக்ட்ரான் சட்டகத்தில் தெளிவாகக் காணலாம். கிட்ஹப் நிறுவனம் தன் ‘ஆட்டம்’ (Atom) என்னும் நிரல் எழுதும் கருவிக்காக 2013இல் தொடங்கிய இச்சட்டகம், ஒவ்வொரு செயலியோடும் குரோமியம் உலாவியையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட்.ஜேஎஸ் இயக்கச்சூழலையும் சேர்த்தே அனுப்புவதால், வெற்றுச் சாளரம் ஒன்றைக் காட்டும் செயலிகூட நிறுவியபின் 100 மெகாபைட்டைத் தாண்டுகிறது. 2022இல் முதல் நிலைப்பதிப்பைக் கண்ட டௌரி என்னும் இதே வகைச் சட்டகமோ, வலைப்பக்கங்களைக் காட்டுவதற்கென இயங்குதளத்தில் உள்ள வலைக்காட்சிக் கூறினையே பயன்படுத்துவதால் எளிய செயலி சில மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. இங்கே சார்புத் தொகுப்பு நீங்கியது. சார்புநிலை நீங்கவில்லை, இடம் மாறியது. விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் வெப்கிட், லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே என ஒரே செயலி மூன்று வேறு கூறுகளைச் சார்வதால், பக்க வடிவம் மூன்றிலும் ஒன்றுபோல் அமைகிறதா என்று தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

மாறாக, அளவில் மிகச் சிறிய தொகுப்பு பெரும் சார்புநிலையை உண்டாக்குவதும் உண்டு. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து ‘லெஃப்ட்-பேட்’ என்னும் 11 வரி நிரல் நீக்கப்பட்டபோது, அதன் பெயரையே அறியாதவர்கள் தம் செயலிகளைக் கட்டமைக்கும் பணியும் முறிந்தது. அவர்கள் பயன்படுத்திய தொகுப்புகள் அதைச் சார்ந்திருந்தன. சார்பின் வழியே வந்து சேரும் இவ்வுறவை ‘வழிச்சார்பு’ எனலாம்.

ஆதலால் குறைக்கும் பணியில் இரண்டு கேள்விகள் தேவை. கட்டமைக்கும்போது மட்டும் வேண்டிய கருவிகளும், பயனர் ஒருபோதும் திறக்காத மொழிக்கோப்புகளும் நிறுவற்கோப்பில் புகுந்துள்ளனவா என்பது சார்புத் தொகுப்பைப் பற்றிய கேள்வி. கோப்புகளின் அளவைப் பார்த்தாலே விடை கிடைக்கும். ஒரு நிரலகம் பழுதானாலோ கைவிடப்பட்டாலோ செயலி நிற்குமா என்பது சார்புநிலையைப் பற்றியது. அதற்கு வழிச்சார்பு மரம் முழுவதையும் படித்தாக வேண்டும்.