வயிறு எத்தனை மணி நேரம் தாங்கும்?

காலை எட்டு மணிக்கு மூன்று வெள்ளி கொடுத்து ஒரு தட்டு வறுத்த பீ ஹூன் (அரிசிச் சேமியா) சாப்பிட்டவருக்குப் பதினொரு மணிக்குள் மறுபடி பசி வந்துவிடுகிறது. ஒரு கறிபஃப், ஒரு தே, இன்னொரு மூன்று வெள்ளி போச்சு. ஆக அந்தக் காலைச் சாப்பாட்டின் உண்மையான விலை ஆறு வெள்ளி. சிங்கப்பூரில் அறை வாடகையும் எம்ஆர்டி ரயில் கட்டணமும் போக மிச்சத்தில் தனியாகச் சாப்பிட்டுக் காலம் தள்ளுகிற இளைஞர்கள் பெரும்பாலும் எந்தக் கடையில் மலிவு என்றுதான் தேடுகிறார்கள், அது தப்பில்லை, ஆனால் கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் பசியில்லாமல் இருந்தோம் என்று கணக்குப் போட்டால் மலிவான தட்டு எது என்பதே மாறிவிடும். அந்தக் கணக்குப் புரிய, வயிறும் குடலும் மூளையோடு எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வயிறு காலியானதும் அதன் உட்சுவரிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்புகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தது இது. சாப்பிட ஆரம்பித்ததும் முதலில் வேலை செய்வது கொள்ளளவு: வயிறு விரிகிறது, அந்த விரிவை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்கிறது. ஆனால் இது சீக்கிரம் அடங்கிப்போகிற சமிக்ஞை. இரண்டு குவளை தண்ணீர் குடித்தாலும் வயிறு விரியத்தான் செய்யும், அரை மணி நேரத்தில் வெறும் வயிறு. நீடித்த நிறைவு குடலிலிருந்து வருகிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் சிசிகே என்ற ஹார்மோன் சுரந்து வயிறு காலியாவதை மெதுவாக்குகிறது. இன்னும் கீழே, குடலின் பின்பகுதியில் இருக்கும் செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டையும் சுரந்து 'போதும்' என்கின்றன. இப்போது ஊரெல்லாம் பேசுகிற எடைகுறைப்பு ஊசிகள் இந்த ஜிஎல்பி-1ஐப் போலச் செய்த மருந்துகள்தான். வாரம் ஒரு ஊசி போட்டால் மருந்து நாள்கணக்கில் உடம்பில் தங்குகிறது; நம் உடம்பே சுரக்கிற ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதனால் அது தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்க வேண்டுமானால் சாப்பாடு குடலின் கடைசிவரை மெதுவாகப் போய்ச் சேர வேண்டும். பீ ஹூன், வெள்ளை ரொட்டி மாதிரி நார் நீக்கிய மாவுச்சத்து முன்பகுதியிலேயே சர்க்கரையாகி உறிஞ்சப்பட்டுவிடுகிறது, பின்பகுதிச் செல்களுக்கு வேலையே இல்லை.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் சக ஆய்வாளர்களும் 38 உணவுகளை எடுத்து, எல்லாவற்றையும் 240 கலோரி அளவுக்குச் சமமாக்கி, சாப்பிட்டவர்களிடம் இரண்டு மணி நேரம் பசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பசியடக்குவதில் வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323! மீனுக்கு 225, ஓட்ஸ் கஞ்சிக்கு 209, ஆரஞ்சுக்கு 202, முட்டைக்கு 150. குரோசான் வெறும் 47, கடைசி இடம். உருளைக்கிழங்கு என்றாலே குண்டாகிவிடுவோம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை பார்க்கலாம். அதையே எண்ணெயில் பொரித்தால் 116க்கு இறங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே கலோரிக்குக் கிடைக்கிற அளவு சுருங்கிவிடுகிறதல்லவா. சின்ன ஆய்வுதான், வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு வேடிக்கை, வெள்ளை அரிசிச் சோறு 138, பழுப்பரிசிச் சோறு 132. பழுப்பரிசியில் நாரும் சத்தும் கூடுதல் என்பது உண்மை, ஆனால் இரண்டு மணி நேரப் பசி விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பருப்புக்கு அந்தப் பட்டியலில் 133தான். அப்படியானால் பருப்பு சுமார் ரகமா? இல்லை, பருப்பு வேலை காட்டுவது இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம். உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசிமிக் குறியீட்டை உருவாக்கிய கனடாவின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1980களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தது: காலையில் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு, மதியம் எல்லாரையும் போல ஒரே சாப்பாட்டைக் கொடுத்தாலும், ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. இரண்டாம் வேளை விளைவு என்று இதற்குப் பெயர். பருப்பின் மாவுச்சத்து செல்சுவருக்குள் அடைபட்டிருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கிறது, செரிக்காத மிச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்துச் சிறுசங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. காலைச் சாப்பாட்டின் பலன் மதியம்வரை நீள்கிறது. தேக்காவில் (லிட்டில் இந்தியா) தோசை சாப்பிடும்போது இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டால் பல கடைகளில் காசு வாங்குவதில்லை. கேட்டு வாங்குங்கள், கெட்டியாக இருக்கிற அடிச்சாம்பாராகவே.

புரதக் கணக்கும் பருப்புக்குச் சாதகம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 48 கிராம் புரதம் வேண்டும், கிலோவுக்கு 0.8 என்ற கணக்கில். வேகவைக்காத 100 கிராம் மைசூர் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். இரண்டு முட்டையும் அந்தப் பருப்பும் சேர்ந்தால் முக்கால் பங்கு முடிந்தது, செலவு இரண்டு வெள்ளியைத் தாண்டாது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒரே வாயில் பிசைந்து தின்றால்தான் சேரும் என்றில்லை, அன்றைக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும்.

சரி, சமைக்க இடம் வேண்டாமா? வாடகை அறை விளம்பரங்களில் 'லைட் குக்கிங் மட்டும்' என்று போட்டிருப்பார்கள், அதாவது தாளித்து வீட்டுக்காரம்மாவை இரும வைக்காதே என்று அர்த்தம். ஒரு சின்ன ரைஸ் குக்கர் போதும். அரை கப் அரிசி, அரை கப் மைசூர் பருப்பு, மஞ்சள்தூள், நாலு பல் பூண்டு, தக்காளி ஒன்று, மூன்றரை கப் தண்ணீர். மேல் தட்டில் கழுவிய முட்டை இரண்டு. பொத்தான் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மூடியைத் திறந்து ஒரு கை காங்கோங் கீரை நறுக்கிப் போட்டு, உப்பும் அரை கரண்டி நல்லெண்ணெயும் விட்டு மூடிவிடலாம். மைசூர் பருப்பு தோல் நீக்கி உடைத்தது, தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கும், ஊறவைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே தைரியத்தில் சிவப்பு ராஜ்மாவைப் போட்டுவிடாதீர்கள். அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது, அரைவேக்காட்டில் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே மெதுவாக வேகவைக்க வேண்டும். தகர டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

அரிசியில் நான் புழுங்கல் பக்கம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. இதை உலகத்துக்குச் சொன்னதில் நம் பக்கத்து மலாயாவுக்கு ஒரு பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் (பி1 குறைவால் வரும் நோய்) சாக, புழுங்கலரிசி உண்ட தமிழர்களுக்கு அது வருவதில்லை என்று நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் கவனித்து 1907இல் புத்தகமாக எழுதினார். அதே காலத்தில் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இரண்டு அரிசியையும் இரண்டு கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசிக் கூட்டத்தில் பலருக்கு நோய், சிலருக்கு மரணம், புழுங்கல் கூட்டத்தில் புதிதாக யாருக்கும் வரவில்லை. (இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.)

வெந்த சோற்றைக் குளிரவைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, நொதிகளால் உடைக்க முடியாததாக மாறுகிறது. குறிப்பாக அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகையின் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. மறுபடி சூடாக்கினாலும் அதில் கணிசமானது அப்படியே இருக்கும், நாரைப் போலப் பெருங்குடலுக்குப் போய்விடும். பலன் மிதமானதுதான், காணொளிகளில் சொல்கிற அளவு அற்புதமெல்லாம் இல்லை. ஆனால் தனியாள் ஒருநாள் பொங்கி மூன்று வேளை தின்பதற்கு இது ஒரு கூடுதல் காரணம்.

ஆறவைக்கிற விதத்தில்தான் ஆபத்து. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும், கொதித்தாலும் சாகாது. 5 முதல் 60 டிகிரிவரை அவற்றுக்குக் கொண்டாட்டம், நம் அறையோ எந்நேரமும் 30 டிகிரி. குக்கரை அணைத்துவிட்டு இரவெல்லாம் மேசையில் விட்டால் அது பெருகி ஒரு நச்சைச் சுரக்கும், அந்த நச்சு மறுநாள் சூடாக்கினாலும் அழியாது. வெந்ததும் சோற்றைத் தட்டையான டப்பாக்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அறை வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியில் உங்களுக்கு ஒரு தட்டு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது, வைஃபை பற்றிக் கேட்பதைவிட.

வெளியில் சாப்பிடும் நாளில், சோற்றோடு வேண்டிய கறிகளைக் காட்டி வாங்குகிற கலவைச் சோற்றுக் கடைதான் என் தேர்வு. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014 முதல் படம் போட்டுச் சொல்லிவருவதை ஓரளவு கட்டிக்கொடுக்கக்கூடிய கடை அது: இரண்டு கீரை வகை, ஒரு தாவ் குவா (கெட்டி சோயாக்கட்டி) அல்லது முட்டை, சோறு கொஞ்சம் குறைத்து, குழம்பை மேலே ஊற்றாமல். இன்ஸ்டன்ட் மீயோடு மட்டும் போட்டி போட முடியாது, அது இன்னும் மலிவு. ஆனால் 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து நடத்திய சோதனையில், இன்ஸ்டன்ட் மீ மாதிரியான மிகைப்பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரங்களில் அவர்கள் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். மேசையில் வைத்த சாப்பாட்டின் சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் அதிகம் பதப்படுத்தாத உணவு கொடுத்த மற்ற இரண்டு வாரங்களுக்குச் சமமாக இருந்தும் இப்படி. அவர்கள் வேகமாகவும் தின்றார்கள். குடலின் தகவல் மூளைக்குப் போவதற்குள் கிண்ணம் காலி. மீதான் வேண்டும் என்றால் முட்டையும் சாய் சிம் கீரையும் போட்டு, பாதி மசாலாப் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனிப்புப் பானங்களிலும் காசு போகிறது, பசியோ அடங்குவதில்லை; கரைந்த சர்க்கரை பல்லால் மெல்ல வைப்பதுமில்லை, வயிற்றில் தங்குவதுமில்லை. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களில் ஒட்டப்படுகிற நியூட்ரி-கிரேட் எழுத்தில் (ஏ நல்லது, டி மோசம்), 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. காப்பிக்கடையில் அந்த எழுத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 'கோப்பி ஓ கோசோங்' என்றாலே சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை. உடனே முடியாதவர்கள் 'சியூ தாய்' என்று குறைத்துக் கேட்டு இரண்டு மூன்று வாரத்தில் நாக்கைப் பழக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கடைகளில் பால் கோப்பியைவிட ஓ இருபது காசாவது குறைவு, தினம் இரண்டு கப் குடிக்கிறவருக்கு வாரக் கடைசியில் பத்து முட்டைக்கான காசு ஏறக்குறைய தேறிவிடும்.