குட்டி பொக்லைனில் எண்ணெய் எந்தப் பக்கம் போகும்?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சீனாவிலிருந்து வந்த ஒரு டன் மினி பொக்லைன் வாங்கி, வீடுகளுக்கு சம்ப் தோண்டித் தருகிறேன். பூமை, அதாவது பெரிய கையை, தூக்கிக்கொண்டே பக்கெட்டை மடக்கினால் பூம் பாதியில் நின்றுவிடுகிறது. பக்கெட் முழுக்க மடங்கிய பிறகுதான் மறுபடி ஏறுகிறது. சுற்றி நிறுத்தினால் தலை (சுழலும் மேல்பகுதி) இரண்டு மூன்று முறை ஆடி அடங்குகிறது. 'பம்ப் பிரஷர் பத்தலை, ரிலீஃப் வால்வை ரெண்டு சுத்து முறுக்கிடலாம்' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

வேண்டாம். அந்த ஸ்க்ரூவுக்கும் உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் குட்டி வண்டிகளுக்குச் சென்னையில் ஏன் இவ்வளவு கிராக்கி என்று விளக்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணிச் சந்துக்குள் ஜேசிபி நுழையாது. ஒரு மீட்டர் அகலப் பக்கவாட்டுச் சந்து வழியாக ஊர்ந்துபோய், சம்ப் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்காரருக்கும் தோண்டித் தர இவற்றால் முடியும். தரைமட்டமும் குழாய் வரும் திசையும் சொல்கிற இடத்தை விட்டுவிட்டு, வடகிழக்கு என்பதற்காக அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி பறிப்பது எனக்கு உடன்பாடில்லை. பறிக்கத்தான் போகிறீர்கள் என்றால் வண்டியாவது சொன்னபடி கேட்கட்டும்.

பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான்: அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை. 63 மி.மீ. உள்விட்டமுள்ள பூம் சிலிண்டருக்கு 160 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கொடுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 50 கிலோநியூட்டன், அதாவது 5 டன் எடையைத் தாங்கும் விசை. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது தள்ளுவது எண்ணெயை மட்டும். இந்த வகை வண்டிகளில் இருப்பது கியர் பம்ப். இரண்டு பற்சக்கரங்கள், ஒரு சுற்றுக்கு உதாரணமாக 8 சிசி எண்ணெயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளும். எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 24 லிட்டர். லீவரை யாரும் தொடவில்லை என்றாலும் 24 லிட்டர்தான். கண்ட்ரோல் வால்வின் நடுவழியாகப் புகுந்து நேரே டேங்குக்குத் திரும்பிவிடும். அப்போது கேஜில் முள் சில பார் அளவில் படுத்திருக்கும். எண்ணெயின் வழியில் எடை குறுக்கிட்டால்தான் முள் எழும். எவ்வளவு எழும் என்பதைத் தீர்மானிப்பது எடைதானே தவிர பம்ப் அல்ல.

ரிலீஃப் வால்வு ஒரு உச்சவரம்பு. எடை கேட்கும் அழுத்தம் 160 பாரைத் தாண்டினால் எண்ணெயை டேங்குக்குத் திறந்துவிடும். அதை முறுக்கி 200 ஆக்கினால் என்ன ஆகும்? பம்பைச் சுற்றத் தேவையான முறுக்குவிசை, சிசியைப் பாரால் பெருக்கி 62.8ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் வரும். 160 பாருக்கு 20.4, 200 பாருக்கு 25.5. பம்பின் உராய்வையும் சேர்த்தால் 28ஐத் தொடும். 13 குதிரைத்திறன் வகை ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசையே சுமார் 26தான். பக்கெட் மண்ணில் கடித்ததும் எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். டீசல் எஞ்சின் என்றால் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் ஹோஸ் பிடிக்குமா? மேலே 1எஸ்என் (உள்ளே ஒரு கம்பிப் பின்னல்) என்று அச்சிட்ட 3/8 அங்குல ஹோஸின் வேலை அழுத்தம் 180 பார். 2எஸ்என் (இரண்டு பின்னல்) என்றால்தான் 330. மூட்டுகளின் பின்னுக்கும் வெல்டிங்குக்கும் நாலில் ஒரு பங்கு கூடுதல் சுமை. பல்லாவரம் பக்கம் தோண்டும்போது சார்னோகைட் பாறை தட்டுப்பட்டதும் ஸ்பேனரோடு ரிலீஃப் வால்வைத் தேடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அந்தப் பாறைக்கு வேண்டியது பிரேக்கர், அதாவது பாறை உடைக்கும் சுத்தியல்.

உண்மையிலேயே பிரஷர் குறைவோ என்று சந்தேகம் இருந்தால் அளந்துவிடுங்கள். பம்பின் வெளிவழியில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, கிளிசரின் நிரப்பிய 250 பார் கேஜ் மாட்டுங்கள். எண்ணெய் 50 டிகிரி சூடான பிறகு, முழு ரேஸில் பக்கெட்டைக் கடைசிவரை மடக்கி லீவரை 3 விநாடி பிடியுங்கள். முள் 160 பக்கம் நின்றால் ரிலீஃபைத் தொடாதீர்கள். 110தான் காட்டுகிறது என்றாலும் முறுக்குவதற்கு முன் வால்வைக் கழற்றி, சீட்டில் உலோகத் துகள் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

இப்போது பூம் நிற்கிற கதை. கண்ட்ரோல் வால்வுக்குள் ஒவ்வொரு லீவருக்கும் ஒரு ஸ்பூல், அதாவது நகர்ந்து வழியைத் திறந்து மூடும் உருளை, இருக்கிறது. லீவரை இழுத்ததும் நடுவழி அடைபட்டு, எண்ணெய் எல்லா ஸ்பூலுக்கும் பொதுவான ஒரு வாய்க்காலுக்குள் போகும். மண்ணோடு பூம் ஏற 90 பார் வேண்டும், காலி பக்கெட் மடங்க 20 பார் போதும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பூலும் முழுக்கத் திறந்திருந்தால் வாய்க்காலில் அழுத்தம் 20க்கு மேல் ஏறவே ஏறாது, ஏனென்றால் 20க்கே எண்ணெய்க்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. மாடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது கீழே யாரோ குழாயைத் திறந்தால் ஷவர் வற்றிப்போவதைப் போல, 24 லிட்டரும் பக்கெட்டுக்கே போய்விடும். பக்கெட் முட்டி நின்றதும் அழுத்தம் 90க்கு எழும், பூம் ஏறும். வண்டியில் பழுது ஒன்றுமில்லை, அதன் இயல்பே அதுதான். இந்த நேரத்தில் பூம் கீழே இறங்கினால் மட்டும் பழுது: பூம் செக்‌ஷனில் உள்ள எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் லோடு செக் வால்வின் குண்டோ ஸ்பிரிங்கோ கெட்டிருக்கும், அல்லது தூசியில் சிக்கியிருக்கும்.

கைதேர்ந்த ஆபரேட்டர் இதே வண்டியில் இரண்டையும் சேர்த்து ஓட்டுவார். பக்கெட் லீவரைப் பாதிதான் இழுப்பார். ஸ்பூலின் விளிம்பில் ஒரு கீற்று மட்டும் திறக்கும். அந்தக் கீற்று வழியாக எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது அதற்கு முன்னால் அழுத்தம் தேங்கும். தேங்கிய அழுத்தம் 90ஐத் தொட்டதும் பூமும் நகரத் தொடங்கும். ஹைட்ராலிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அடைப்புதான் அழுத்தத்தைப் பிறப்பிக்கிறது, அந்த அடைப்பு ஆபரேட்டரின் விரல் நுனியில் இருக்கிறது.

விரல் செய்வதை ஒரு துளையும் செய்யும். கூர்விளிம்புத் துளை வழியே பாயும் அளவு, துளையின் பரப்பையும் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தையும் பொறுத்தது. 100 பார் வேறுபாட்டில் எண்ணெய் விநாடிக்கு 150 மீட்டர், அதாவது மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் பீய்ச்சும். 2 மி.மீ. துளை நிமிடத்துக்கு 20 லிட்டர் விடும், 1.5 மி.மீ. துளை 11 லிட்டர், 1 மி.மீ. துளை வெறும் 5 லிட்டர். விட்டம் பாதியானால் ஓட்டம் கால்வாசி. ஆனால் அழுத்தம் நான்கு மடங்கானாலும் ஓட்டம் இரண்டு மடங்குதான் கூடும். அழுத்தம் எகிறும்போதும் வேகம் எகிறாமல் பிடித்துவைப்பது இந்த வர்க்கமூலம்தான்.

துளை கூர்விளிம்பாக இருப்பது அதைவிட அழகு. 1.5 மி.மீ. துளையை 1 மி.மீ. தகட்டில் போட்டால் எண்ணெயின் பிசுபிசுப்பு கிட்டத்தட்டக் கணக்கிலேயே வராது. அதே துளையை 20 மி.மீ. நீளப் போல்ட்டுக்குள் போட்டால் சுவர் உராய்வு சேர்ந்துகொள்ளும். 68 நம்பர் (பிசுபிசுப்பைக் குறிக்கும் எண்) எண்ணெய் காலை 30 டிகிரியில் இருப்பதைவிட மதியம் 80 டிகிரியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் பிசுபிசுப்பாக இருக்கும். வண்டி காலையில் ஒரு வேகமும் மதியம் வேறு வேகமுமாகச் சுற்றும். ஆகவே லேத்தில் கொடுக்கும்போது "தகடு ஒரு மில்லி, ஓரத்தை மழுக்காதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். பிசிறை எடுக்கிறேன் என்று கவுண்டர்சிங்க் போட்டு ஓரத்தைச் சாய்த்துவிடுவார்கள், கவனம்.

இந்தத் துளையைப் பக்கெட் லைனில் போடலாமா? 2 மி.மீ. போட்டால், பூம் 90 பாரில் ஏறும்போது பக்கெட்டுக்கு 17 லிட்டர், பூமுக்கு 7 லிட்டர் என்று பிரியும். ஆனால் பக்கெட்டை மட்டும் தனியாக மடக்கும்போது 24 லிட்டரை அதே துளை வழியாகத் தள்ள 144 பார் வீணாகும். வீணான ஒவ்வொரு 100 பாரும் எண்ணெயை 6 டிகிரி சூடாக்கும். காலி பக்கெட்டை ஆட்டுவதற்கே எஞ்சின் முக்கும். பக்கெட்டுக்குத் துளை வேண்டாம், விரலைப் பழக்குங்கள் என்பதே என் கட்சி. விலை உயர்ந்த வண்டிகளில் ஒவ்வொரு ஸ்பூலிலும் ஒரு காம்பன்சேட்டர் இருந்து அழுத்த வேறுபாட்டை மாறாமல் வைத்துக்கொள்ளும். இதைக் குறைந்த விலையில் இங்கேயே செய்ய ஒரு கல்லூரிக் குழுவுக்குப் பணம் கொடுத்தால் உருப்படியான ஆராய்ச்சியாக இருக்கும். மேடையில் கைகுலுக்கும் ரோபோவுக்குத்தான் நிதி சுலபமாகக் கிடைக்கிறது.

தலை ஆடுவதற்கு மட்டும் துளை கைகொடுக்கும். ஸ்விங் லீவரை விட்டதும் மோட்டாரின் இரு வாயும் அடைபடும். சுழன்றுகொண்டிருக்கும் அரை டன் இரும்பு அடைபட்ட எண்ணெயை அமுக்கும். எண்ணெய் சுருங்காது என்று பள்ளியில் சொன்னாலும், 100 பாருக்குச் சுமார் 0.7 சதவீதம் சுருங்கும். ஹோஸும் உப்பும். இரண்டும் சேர்ந்து ஸ்பிரிங்காகித் தலையைத் திருப்பித் தள்ளும். மோட்டாரின் இரு வாய்க்கும் நடுவில், ஒரு பக்கம் அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயை மறுபக்கம் விடும் கிராஸ்ஓவர் ரிலீஃப் வால்வு ஒன்றை 80 முதல் 100 பாருக்குள் வைத்து, மோட்டாரை ஒட்டியே மாட்டுங்கள். அதற்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் நடுவே இரண்டு லைனிலும் ஒன்வே ரெஸ்ட்ரிக்டர் வர வேண்டும், உள்ளே போகும் எண்ணெய்க்குத் தடையில்லாமல், வெளியே வருவதை மட்டும் நெருக்கும்படி. திருப்பி மாட்டினால் தலை தன் வேகத்தில் மோட்டாரை இழுத்துக்கொண்டு ஓட, மோட்டாருக்குள் வெற்றிடம் விழுந்து கரகரக்கும். முதலில் 2 மி.மீ. துளையுள்ள தகடு போட்டு ஓட்டிப் பார்த்து, போதாவிட்டால் 1.5க்கு இறங்குங்கள். வெளிவழியை நெருக்குவதால் மோட்டாரின் ஷாஃப்ட் சீலில் அழுத்தம் கூடும். டிரெயின் துளை இருக்கும் மோட்டாராக இருந்தால் அதிலிருந்து தனி லைன் இழுத்து டேங்கில் விடுங்கள், இல்லாவிட்டால் சீல் பிதுங்கிவிடும்.

பூம் தொப்பென்று இறங்குகிறது என்றால் சிலிண்டரின் அடிவாயிலும் இதே ஒன்வே போடலாம். ராடு பக்க வாயில் மட்டும் போடாதீர்கள். 63 மி.மீ. பிஸ்டனுக்கு 35 மி.மீ. ராடு என்றால் இரு பக்கப் பரப்பின் விகிதம் 1.45. அடியில் 160 பார் தள்ளும்போது ராடு பக்கம் நெருக்கப்பட்டால் அங்கே 230 பார் வரை எழும், அதை ரிலீஃப் வால்வு பார்க்கவே பார்க்காது.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெட்டியில் வந்த எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டு ஐஎஸ்ஓ 68 ஊற்றுங்கள். 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது, 46 நம்பர் இங்கே மதியத்தில் நீர்த்துப்போகும். ரிலீஃப் திறந்தபடி லீவரைப் பிடித்திருந்தால் 15 லிட்டர் டேங்க் நிமிடத்துக்கு 15 டிகிரி ஏறும். 80 டிகிரியைத் தாண்டினால் சாதாரண ரப்பர் சீல்கள் விறைக்கத் தொடங்கும். டேங்குக்குத் திரும்பும் லைனில் 12 வோல்ட் ஃபேனோடு சின்ன ஆயில் கூலர் மாட்டி, 55 டிகிரியில் ஓடும்படி சுவிட்ச் வையுங்கள். பிரஷர் லைனில் மாட்டினால் கூலர் முதல் நாளே கிழியும்.

டேங்கின் அடியில் வெல்டிங் கசடு கிடக்கும். துடைக்கும்போது பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் பிசிறு நேரே போய் நீங்கள் ஆசையாகப் போட்ட 1.5 மி.மீ. துளையில் உட்காரும். பிசிறு விடாத துணியால் துடைத்து, ரிட்டர்ன் லைனில் 10 மைக்ரான் ஃபில்டர் இல்லாவிட்டால் ஒன்று சேர்த்துவிடுங்கள். வாசலில் எலுமிச்சையும் பூசணியும் உடைப்பது உங்கள் விருப்பம். அந்தச் செலவோடு ஃபில்டர் செலவும் ஒன்று.

ஃபிட்டிங் வாங்கப் பாரிமுனைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போய்த் த்ரெட் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். இந்த வண்டிகளில் ஒரு மூலையில் மெட்ரிக் மரை இருக்கும், அடுத்த மூலையில் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை. எம்16க்கு வெளிவிட்டம் 16 மி.மீ., 3/8 பிஎஸ்பிக்கு 16.66. எம்16 ஆண் மரை பிஎஸ்பி பெண் மரைக்குள் இரண்டு சுற்று ஏறி இறுகியது போலக் காட்டும், 100 பாரில் பிடுங்கிக்கொண்டு பறக்கும். மாட்டி முடித்துக் கசிவு பார்க்கும்போது கையால் தடவாதீர்கள், அட்டையை நீட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் கொசு கடித்த அளவுதான் வலிக்கும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், எத்தனை பாரில் எந்த எண்ணெய் ஏறியது என்று சொல்லியாக வேண்டும்.