மூன்று வயதுக்குள் அங்கன்வாடியில் உங்கள் பிள்ளைக்கு என்ன உரிமை?

அங்கன்வாடியை நம் ஊர்களில் பலர் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். மூன்று வயதான பிள்ளையைக் காலையில் விட்டுவிட்டு மதியம் கூட்டிவரும் இடம் என்ற நினைப்பும் பலருக்கு இருக்கிறது. உண்மையில் பிள்ளை பிறந்ததிலிருந்தே அந்த மையத்துக்குப் பொறுப்பு உண்டு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அங்கே கிடைப்பது யாரோ இரக்கப்பட்டுத் தருவதல்ல, சட்டம் தந்த உரிமை.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 5ஆம் பிரிவில், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரச் சொல்கிறது. மூன்று வயது வரை நாளுக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்பது கணக்கு. இதை வீட்டுக்கு எடுத்துப் போகும் உணவாகத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் அதுதான் சத்துமாவு: கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம், கூடவே வைட்டமின்களும் தாது உப்புகளும். ஆறு மாதத்துக்குள் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். அந்தக் காலத்தில் உணவு தாய்க்கு, நாளுக்கு 600 கிலோ கலோரி அளவில்.

அடுத்த பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. 6ஆம் பிரிவின்படி, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளை அங்கன்வாடி வழியாக அரசே கண்டறிந்து கூடுதல் உணவு தரவேண்டும். அவர்களுக்கு அளவு 800 கிலோ கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். பிள்ளைக்கு 500ஆ 800ஆ என்று தீர்மானிப்பது எது? தராசு. எடை பார்க்காத பிள்ளைக்கு அந்தக் கூடுதல் 300 ஏட்டளவில்கூட இருக்காது. அதனால்தான் மாவு வாங்கப் போகிறபோதெல்லாம் முதலில் எடை பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன். கண்ணு படும் என்று தயங்குகிறவர்கள் திருஷ்டிப் பொட்டு ஒன்று வைத்துக்கொண்டாவது போகலாம்.

எடையை மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். கொலுசு, அரைஞாண், ஈர டயப்பர் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தராசில் வைக்கவேண்டும். உயரத்தை இரண்டு வயது வரை படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் அளப்பார்கள். படுக்கவைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் காலை நீட்ட. பணியாளர் தனியாக இருந்தால் தலையைப் பிடிக்க நீங்களே கை கொடுங்கள். இல்லையென்றால் உயரம் குத்துமதிப்பாகத்தான் பதிவாகும்.

தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் அந்த மாத எடையைப் புள்ளியாக வைப்பார்கள். ஒரு வயதில் பெண் குழந்தையின் நடு அளவு 8.9 கிலோ, ஆணுக்கு 9.6. பெண் 7.0 கிலோவுக்கும் ஆண் 7.7 கிலோவுக்கும் கீழே போனால் எடைக்குறைவு, 6.3, 6.9 கிலோவுக்கும் கீழே என்றால் கடுமையான எடைக்குறைவு. ஒற்றைப் புள்ளியைவிடக் கோடு போகும் திசை முக்கியம். சரியான எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள்ளேயே புள்ளி இருந்தாலும், முதல் வயதில் இரண்டு மாதமாகக் கோடு மேலே ஏறவே இல்லையென்றால் விசாரிக்கவேண்டும்.

'அப்பா குள்ளம், அதனால் பிள்ளையும் அப்படித்தான்', 'இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த வரைபடம் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளோடு இந்தியாவிலும், தெற்கு டெல்லியில், குழந்தைகளை அளந்துதான் அதைத் தயாரித்தார்கள். நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்த பிள்ளைகள் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் உயர்ந்தார்கள்.

எடை மட்டும் பார்த்தால் போதாத இடம் ஒன்று உண்டு. உயரத்துக்கு ஏற்ற எடை மிகவும் குறைவாக இருப்பதைக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதங்களும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தாலோ அதுவும் இதே வகைதான். தமிழ்நாட்டில் இதற்காகவே 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022 மே 21 அன்று உதகையில் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கியது. ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் குறைபாடு என்றால் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம்: நெய், பேரீச்சை, சத்து மாவு, இரும்புச்சத்து டானிக் போன்றவை. பிள்ளைக்கு வேறெதுவும் கொடுக்கக்கூடாத வயதில் தாயைத்தானே தேற்றவேண்டும், சரியான யோசனை. ஆறு மாதம் தாண்டிய, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு தனிச் சிகிச்சை உணவு. காய்ச்சல், வீக்கம், சாப்பிடவே மறுப்பது என்றிருந்தால் அங்கன்வாடியில் காத்திருக்கவேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, அந்த 500 கிலோ கலோரி பெரிய அளவா? ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் தேவைப்படுவது சுமார் 550 கிலோ கலோரி. அப்படியென்றால் இந்த மாவு கிட்டத்தட்ட முழுக்கணக்கையும் ஈடுகட்டும், பிள்ளையின் வயிற்றுக்குள் போனால். அக்காவுக்குக் கொஞ்சம், தாத்தாவுக்குக் கொஞ்சம், சில வீடுகளில் மாட்டுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரிந்தால் கணக்கு எங்கே நிற்கும்? தண்ணீராகக் காய்ச்சினாலும் இதே கதைதான். ஸ்பூனில் நிற்கும் பதத்துக்குக் கிண்டி, அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விடுங்கள். கொழுக்கட்டையாகவும் பிடிக்கலாம். அப்புறம், மாவு மட்டுமே சாப்பாடு ஆகிவிடக்கூடாது. பருப்பு, கீரை, மீன், முட்டை எல்லாம் வேண்டும். இரண்டு வயதானதும் மையத்திலேயே வாரம் மூன்று முட்டை உண்டு.

பதிவுக்கு ரேஷன் கார்டு வேண்டும், வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வறுமைக்கோட்டை இதற்குத் தகுதியாக வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. பிள்ளையின் ஆதாரும் கட்டாயமில்லை, தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம். 2025 ஜூலை முதல் மாவு வாங்க முகப்பதிவு கேட்கிறார்கள். அதனால் பதிவில் இருப்பவரே நேரில் போவது நல்லது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவர்கள், வேலைக்காக ஊர் மாறியவர்கள் புதிய இடத்து மையத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ளலாம்.

மாவு வரவில்லை, எடை பார்ப்பதில்லை என்றால் முதலில் மேற்பார்வையாளர், அடுத்து குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். அங்கும் நடக்கவில்லை என்றால் சட்டப்படி மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம். வாய்ச்சண்டை வேண்டாம், எந்த மாதம் என்ன கிடைக்கவில்லை என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். உரிய உணவு தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணப்படி தரவேண்டும் என்றும் 8ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பகுதியில் மையமே இல்லையா? ஆறு வயதுக்குள் 40 பிள்ளைகளாவது இருக்கும் குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் அமைக்கவேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பெயர்ப் பட்டியலோடு மனு எழுதினால் போதும்.