முயற்சியாண்மை எண்ணம்: சொல்லும் பொருளும்

சொந்தத் தொழில் ஒன்றைத் தொடங்குவது என்று ஒருவர் மனத்துள் முடிவெடுத்து, அதற்காகப் பாடுபடவும் ஆயத்தமாக இருக்கும் நிலையே முயற்சியாண்மை எண்ணம். வெறும் ஆசை இதில் சேராது. ‘காசிருந்தா நானும் ஒரு கடை போடுவன்’ என்பது ஆசை. மா அரைக்கும் மெசினுக்கு விலை கேட்டு, எங்கே வைப்பது என்று இடமும் பார்த்துவிட்டவரிடம் இருப்பது எண்ணம்.

முயற்சியாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ‘மேற்கொள்ளுதல்’ என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அதற்குப் பொருளியலில் இடம் பிடித்துக் கொடுத்தவர் ரிச்சர்ட் கன்ரில்லன். 1755இல் வெளிவந்த அவருடைய நூலில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவரே முயற்சியாளர். விவசாயியையும் அவர் இதில் சேர்த்தார். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் விதைப்பவருக்கு உரத்துக்கும் டீசலுக்கும் கொடுத்த காசு தெரியும். அறுவடையன்று நெல் என்ன விலை போகும் என்று தெரியாது. கன்ரில்லன் கணக்கில் அவர் முழு முயற்சியாளர்.

தமிழ்நாட்டில் ‘தொழில்முனைவோர்’ என்பர். இலங்கையில் ‘முயற்சியாளர்’, ‘முயற்சியாண்மை’. இங்கே ‘ஆண்மை’ ஆண்பாலைச் சொல்லவில்லை. ‘ஆள்’ என்னும் வினையடியாகப் பிறந்து, ஒன்றைக் கைக்கொண்டு நடத்தும் தன்மையைச் சொல்கிறது. தாளாண்மை, வேளாண்மை போல. கணவரை இழந்தும், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இத்தனை பேர் வாழும், போர் கண்ட வட இலங்கை வன்னியில் இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது ‘எண்ணம்’. சிலர் ‘நோக்கம்’ என எழுதுகிறார்கள். நோக்கம் போய்ச் சேரும் இடத்தைக் காட்டுவது. எண்ணம் புறப்படும் மனத்தைக் காட்டுவது. நம்மூர் ‘ஓர்மம்’ அழகான சொல்தான், ஆனால் அது ஆளின் பொதுவான மனவுறுதி. குறித்த ஒரு செயலைப் பற்றியது எண்ணமே.

இந்த எண்ணம் எதிலிருந்து பிறக்கிறது? 1991இல் உளவியலாளர் ஐசெக் அய்சன் விரித்து எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு மூன்று வகை நம்பிக்கைகளைக் காட்டுகிறது. செய்தால் என்ன விளையும் என்பது முதலாவது: ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இலாபம் என்றதும் என்ன தோன்றும்? நமக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது இரண்டாவது. ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்கோணும்’ என்ற ஒற்றை வாசகத்தில் அது முழுவதும் அடங்கிவிடும். மூன்றாவது, ‘என்னால ஏலுமோ?’ என்பது, பணம், பழக்கம், ஆள்துணை, வழியில் வரும் தடை எல்லாம் இதில் சேரும். இதற்கு ‘இயலுமை நம்பிக்கை’ பொருத்தமான பெயர்.

குழப்பம் வருவது ‘நம்பிக்கை’ என்ற சொல்லில்தான். தொல்காப்பிய உரியியல் ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது. அன்று ‘நம்பு’ என்றால் விருப்பம். பின்னர்தான் உறுதியாகக் கொள்ளுதல் என்ற பொருள் ஓங்கியது. ஆனால் பழைய விருப்பத்தின் சாயல் முற்றாகப் போகவில்லை. ‘நம்பிக்கை வை’ என்றால் நல்லதை எதிர்பார் என்றுதானே இன்றும் கேட்கிறது? அய்சன் சொல்வது அதுவல்ல. ‘இது சரிவராது’ என ஒருத்தி உறுதியாகக் கொண்டிருப்பதும் அவருடைய கோட்பாட்டில் ஒரு நம்பிக்கையே.

அவளுடைய அந்தச் ‘சரிவராது’ சோம்பலில் விளைந்ததும் அன்று. நுண்கடன் எடுத்த அயல்வீட்டுக்காரி கிழமைத் தவணை கட்டத் தோட்டை அடகு வைத்ததைக் கண்டவள் அவள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. கண்ணால் கண்டு பெற்ற நம்பிக்கையை ஒருநாள் பயிற்சிப் பட்டறையின் உற்சாகப் பேச்சு மாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. தவணையின் கெடுவும் வட்டியும் மாறினால் அது மாறும்.

முயற்சியாண்மையை ஆராய்ந்த சப்பீரோவும் சோக்கோலும் 1982இல் வேறொன்றைச் சொன்னார்கள். பழகிய வாழ்க்கையிலிருந்து ஒருவரைப் பெயர்த்தெடுக்கும் நிகழ்வே பலரைத் தொழிலுக்குத் தள்ளுகிறது. வேலையிழப்பு, அகதியாதல் போன்றவை. அவர்கள் அதற்கு இட்ட பெயரைத் தமிழில் ‘பெயர்வு’ எனலாம். போரில் இடம்பெயர்ந்து, வவுனியாவின் மெனிக் பாம் அகதி முகாம் கண்டு திரும்பிய ஊர்களில் இதற்கு விளக்கம் வேண்டாம். ஆனால் பெயர்வு மட்டும் போதாது. அந்தத் தொழில் விரும்பத்தக்கது, தன்னால் ஏலக்கூடியது என்ற இரண்டு நினைப்புகளும் வேண்டும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

ஆகவே இத்துறையில் வினாக்கொத்துத் தயாரிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘தொழில் தொடங்க உங்களுக்கு நம்பிக்கை உண்டா?’ என்று கேளாதீர்கள். ‘ஓம்’ என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். தொடங்கினால் முதல் ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், வீட்டில் யார் மறிப்பார்கள், எது கிடைத்தால் ஏலும் என்று தனித்தனியே கேளுங்கள்.